சீட்டைக் காட்டி ஆட்டத்தை மறைப்பது

போக்கர் போட்டிகளைப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஏழெட்டு வருஷமாக உண்டு. போடியில் இதை வெளியே சொன்னால் இரண்டு விதமான பார்வை கிடைக்கும். ரம்மியில் காசு விட்டவனைப் பார்க்கும் பார்வை ஒன்று. "ஆளுக்கு ரெண்டு சீட்டு, அதுல பார்க்க என்னய்யா இருக்கு?" என்பது இன்னொன்று. முதல் பார்வைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, பின்னால் வருகிறேன். இரண்டாவது கேள்வி நியாயமானது என்று இப்போது தோன்றுகிறது. பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. அதை ஒளிபரப்பே மறைத்துவிடுகிறது என்பதுதான் என் புகார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. டெக்சாஸ் ஹோல்டெம் வகையில் ஆளுக்கு இரண்டு சீட்டைக் கவிழ்த்துக் கொடுப்பார்கள். மேசை நடுவில் முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியாக ஒன்று என ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். கடைசிவரை நின்றவர்களில் யாருக்கு நல்ல சேர்க்கையோ அவருக்கு நடுவில் சேர்ந்த காசு. மற்ற எல்லோரும் ஒதுங்கிவிட்டால், நிற்கிறவர் தன் சீட்டைக் காட்டாமலேயே அள்ளிக்கொண்டு போகலாம். ஆட்டத்தின் உயிர் இந்தக் கடைசி விதியில் இருக்கிறது. நம்மூர்ப் பேச்சில் சொன்னால், உதார் விடுவதற்கு இடம் இருக்கிறது.

தொலைக்காட்சியில் அதிகம் பேசப்பட்ட உதார் 2003-ல் நடந்தது. லாஸ் வேகாஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ, உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி. 839 பேரில் இருவர் மிச்சம். ஒருவர் லெபனானில் பிறந்த தொழில்முறை ஆட்டக்காரர் சாமி ஃபார்ஹா. பற்றவைக்காத சிகரெட் ஒன்று எப்போதும் கையிலோ வாயிலோ இருக்கும். எதிரே கிறிஸ் மணிமேக்கர், டென்னசி மாநிலத்துக் கணக்காளர், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும். இணையத்தில் சில்லறைக் காசுக்கு நடந்த தகுதி ஆட்டத்தில் ஜெயித்து உள்ளே வந்தவர். (மணிமேக்கர் அவருடைய உண்மையான குடும்பப் பெயர். விளம்பரக் கம்பெனிக்காரன்கூட இப்படி ஒரு பெயர் வைக்கக் கூச்சப்படுவான்.)

மணிமேக்கரிடம் இஸ்பேட் ராஜா, ஆட்டீன் ஏழு. ஃபார்ஹாவிடம் இஸ்பேட் ராணி, ஆட்டீன் ஒன்பது. பொதுச் சீட்டில் ஒன்பது, இரண்டு, ஆறு விழுகிறது. ஒன்பதும் ஆறும் இஸ்பேட். ஃபார்ஹாவுக்கு ஒன்பது ஜோடி சேர்ந்துவிட்டது. நாலாவதாக இஸ்பேட் எட்டு. இப்போது மணிமேக்கருக்கு இன்னொரு இஸ்பேட் வந்தால் ஃபிளஷ். ஐந்தோ பத்தோ வந்தால் வரிசை. ஃபார்ஹா கட்டுகிறார், மணிமேக்கர் ஏற்றுகிறார், ஃபார்ஹா ஈடு கொடுக்கிறார். ஐந்தாவதாக ஆட்டீன் மூன்று. மணிமேக்கருக்கு எதுவும் சேரவில்லை. ஃபார்ஹா தட்டிவிட, மணிமேக்கர் தன்னிடமிருந்த மொத்தச் சிப்பையும் உள்ளே தள்ளுகிறார். ஃபார்ஹா யோசிக்கிறார். ஃபிளஷ் வராமல் போயிருக்கும் என்று வாய்விட்டே சொல்கிறார். சரியாகக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, சீட்டைக் கவிழ்த்தும் விடுகிறார். கொஞ்ச நேரத்தில் போட்டி முடிந்து 25 லட்சம் டாலர் மணிமேக்கருக்குப் போனது.

இந்தக் காட்சியை முதலில் ஒரு நண்பனுக்குப் போட்டுக் காட்டினேன். திரையில் இருவர் சீட்டும் தெரிகிறது. நண்பன் சிரித்தான். "கையில ஜோடி இருக்கு, அவன்கிட்ட ஒண்ணுமில்ல. இதைப் போய் விடுறானே, இவன்லாம் ஒரு ஆட்டக்காரனா?" நானும் கூடவே சிரித்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பல மாதம் கழித்து அதே காட்சியை மாமாவுக்குக் காட்டினேன். மாமா ஏலக்காய் வியாபாரி, போக்கர் தெரியாது. இந்த முறை சீட்டு தெரியும் துண்டுகளைத் தள்ளிவிட்டு, திரையின் கீழ்ப்பகுதியில் தினசரி காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து ஒட்டினேன். பொதுச் சீட்டு மட்டும் தெரியும். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சிகரெட்டுக்காரன் ஏன் பேசிக்கிட்டே இருக்கான் தெரியுமா மாப்ள? வெல கேக்குறான். தொப்பிக்காரன் வாயத் தொறக்க மாட்டேங்குறான் பாரு. ஒண்ணு கையில சரக்கு இருக்கணும், இல்ல சுத்தமா இருக்கக் கூடாது. நடுவுல உள்ளவன் இப்படி உக்கார மாட்டான்." ஃபார்ஹா சீட்டைக் கவிழ்த்ததும் தாளை எடுத்துக் காட்டினேன். சிரிக்கவில்லை. "இருந்தாலும், விட்டது தப்புன்னு சொல்ல முடியாது" என்றார்.

ஒரே காட்சிதான். ஒருவர் பார்த்தது ஒரு முட்டாளை. இன்னொருவர் பார்த்தது ஒரு முடிவை.

இந்த வித்தியாசத்தை உண்டாக்கியது ஒரு கண்டுபிடிப்பு. கவிழ்ந்த சீட்டைப் பார்வையாளருக்கு மட்டும் காட்டும் கேமரா முறைக்கு 1995-ல் காப்புரிமை பெற்றவர் ஹென்றி ஓரன்ஸ்டீன். போலந்து யூதர், நாஜி முகாம்களில் இருந்து தப்பியவர், அமெரிக்கா போய்ப் பொம்மை வியாபாரத்தில் பெரிய ஆள் ஆனவர். முகாமில் அவர் உயிர் பிழைத்த கதை கவனிக்க வேண்டியது. விஞ்ஞானிகளைத் தேடுகிறார்கள் என்று அறிவிப்பு வந்தபோது, தானும் சகோதரர்களும் விஞ்ஞானிகள் என்று பெயர் கொடுத்தார். அவர்கள் விஞ்ஞானிகளே இல்லை. அந்த உதார் நின்றதற்குக் காரணம், யாரும் அவர் சீட்டைப் பார்க்கவில்லை. அந்த மனிதர்தான் பிற்காலத்தில் எல்லோர் சீட்டையும் ஊருக்குக் காட்டும் கருவியைக் கொண்டுவந்தார்.

1999-ல் பிரிட்டனின் சேனல் 4 'லேட் நைட் போக்கர்' நிகழ்ச்சியில் மேசையில் கண்ணாடி பதித்து அடியிலிருந்து சீட்டைக் காட்டினார்கள். அதற்கு முன்னால் தொலைக்காட்சிப் போக்கர் என்றால் நாலு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான், தூக்கம் வரும். கேமரா வந்த பிறகுதான் கூட்டம் வந்தது, மறுக்கவில்லை. 2003-ல் 839 பேர் ஆடிய முதன்மைப் போட்டியில் 2004-ல் 2,576 பேர், 2005-ல் 5,619, 2006-ல் 8,773. நானும் அந்தக் கேமரா இழுத்து வந்த ஆள்தான்.

ஆனால் அது என்ன பழக்கத்தைக் கற்றுக் கொடுக்கிறது என்பதைக் கேட்க வேண்டும். திரையில் ஆளுக்கு எதிரே ஒரு சதவிகிதம் ஓடும்: இவருக்கு 82, அவருக்கு 18. இந்த எண் எல்லோர் சீட்டையும் தெரிந்துகொண்டு போட்ட கணக்கு. மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடமும் அது கிடையாது, இருக்கவும் முடியாது. அவரிடம் இருப்பது, எதிராளி இந்த மூன்று கட்டங்களில் இப்படிக் கட்டினார் என்றால் அவர் கையில் என்னவெல்லாம் இருக்கலாம் என்ற பட்டியல் ஒன்றுதான். ஒளிபரப்பு அந்தப் பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டு விடையை ஒட்டிவிடுகிறது. பரீட்சை எழுதுகிறவனை, விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேலி செய்கிற மாதிரி.

போடிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்கிற நாம் விரலைப் பார்க்க முடியாது, முகத்தைப் பார்ப்போம். கையை உதறிக்கொண்டு போவது நிஜமா, நாலடி போய்த் திரும்புவதற்கா என்று பார்ப்போம். துண்டை எடுத்துவிட்டால் வெறும் எண்தான் மிஞ்சும். ஏலக்காய் ஏலத்திலும் (தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தது வேடிக்கை) அப்படித்தான். மாதிரிக் காய் எல்லோருக்கும் பொது. நிறம், பருமன், லிட்டர் எடை எல்லாம் கண்ணால் பார்த்தாச்சு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எதுவரை போவார் என்பது மட்டும் தெரியாது. பொதுச் சீட்டும் கவிழ்ந்த சீட்டும் போலத்தான்.

சீட்டு திறந்த பிறகு பேசுவதில் நம்மூரும் சளைத்ததில்லை. 2019 ஆகஸ்ட்டில் புத்தடி ஏல மையத்தில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாய் தொட்டது. மூன்று வருஷத்துக்குள் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. அன்றைக்கு விற்காமல் வைத்திருந்தவர், அந்த விலையை நம்பிப் புதுக் கன்று வைத்தவர், பூப்பாறைப் பக்கம் தோட்டம் குத்தகைக்கு எடுத்தவர் எல்லோரையும் டீக்கடையில் இன்றைக்கும் முட்டாள் என்கிறோம். பேசுகிற நம் எல்லோர் முன்னாலும் அந்தச் சதவிகித எண் ஓடிக்கொண்டிருக்கிறது. 2019-ல் அது யார் முன்னாலும் ஓடவில்லை.

ஒளிபரப்பு மறைக்கும் இன்னொன்று, ஒன்றுமே நடக்காத நேரம். நேரடி மேசையில் மணிக்கு இருபத்தைந்து, முப்பது கைதான் நடக்கும். ஒழுங்காக ஆடுகிறவர் அதில் முக்கால்வாசியை ஆரம்பத்திலேயே கவிழ்த்துவிடுவார். 2003-ல் நாள்கணக்கில் நடந்த போட்டியை வெட்டி ஒட்டிச் சில மணி நேரமாக்கினார்கள். மிஞ்சியது மோதல்கள் மட்டும். நான் ஒரு முறை பணஜியில் மாண்டோவி ஆற்றுக் கப்பல் ஒன்றில் சின்னப் போட்டி ஆடியிருக்கிறேன். ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தேன். கடைசிவரை போய்ச் சீட்டைத் திறந்துகாட்டியது பதினோரு தரம். மற்றபடி கவிழ்த்தது, தண்ணீர் குடித்தது, அடுத்த மேசையைப் பார்த்தது. ஆறாவது மணி நேரத்தில் எதிரே இருந்த பெரியவர் ஒருவர் மொத்தத்தையும் தள்ள, நான் ராணி ஜோடியைக் கவிழ்த்தேன். அவர் சீட்டைக் காட்டவில்லை. அவரிடம் என்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அத்தனை வருஷம் நேரலை பார்த்த எனக்கு அது புது அனுபவம். திரையில் எந்தக் கேள்வியும் விடை இல்லாமல் முடிந்ததில்லை.

தோற்றவர்கள் விஷயமும் அப்படித்தான். 2023 முதன்மைப் போட்டியில் தலைக்கு 10,000 டாலர் கட்டி 10,043 பேர் ஆடினார்கள். பரிசுப் பணம் 1,507 பேருக்கு. டேனியல் வைன்மன் 1.21 கோடி டாலர் வாங்கிய காட்சி ஆயிரம் தடவை ஓடியது. வெறுங்கையோடு போன 8,536 பேரில் நம் கண்ணில் பட்டவர்கள், யாராவது நட்சத்திரத்திடம் தோற்றவர்கள் மட்டுமே.

சிரித்த நண்பனுக்கு வருகிறேன். அவன் அதற்குப் பிறகு போனில் ஆட ஆரம்பித்தான். இது திறமை ஆட்டம் என்று அவனிடம் சொன்னது நான். தப்பாகச் சொல்லவில்லை, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், மாநிலச் சட்டத்தின் தடை அவற்றுக்குப் பொருந்தாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. அவனும் தன்னிடம் அந்தத் திறமை இருப்பதாக நம்பினான். இருக்காதா? ஒளிபரப்பில் ஒவ்வொரு கையிலும் சரியான முடிவை அவன்தான் முதலில் சொல்வான், சாம்பியனுக்கும் முந்தி. தோட்டத்துக்கு உரம் வாங்க அவன் அப்பா வைத்திருந்த பணம் வரைக்கும் போனது. 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசின் சட்டம் வந்து பணம் கட்டும் இணைய ஆட்டங்கள் மொத்தமாக நின்றபோது, அவனுக்கு விடுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. அவன் வீட்டுப் பக்கம் போனால் அவன் அம்மா என்னிடம் இப்போது பேசுவதில்லை.

எல்லாம் கேமராவால் வந்தது என்று சொன்னால் அது எனக்கு வசதியான பொய். போனில் விளம்பரம் வந்தது, கடன் கொடுக்கும் செயலி இருந்தது, நானும் இருந்தேன். ஆனால் போக்கரைப் பற்றி எழுதுகிறவர்கள், திறமையா அதிர்ஷ்டமா என்ற ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறார்கள். திறமைதான், சரி. அந்தத் திறமை தனக்கு இருப்பதாகப் பார்க்கிறவனை நம்பவைப்பது எது என்று யாரும் கேட்கக் காணோம்.

விஷயம் தெரிந்தவர்களுக்கே அந்தப் பார்வையாளனின் கண் மேல் ஆசை உண்டு. 2024 இறுதி மேசையில் ஜோனதன் டமாயோ ஆடிக்கொண்டிருக்க, ஓரத்தில் அவருடைய நண்பர்கள் லேப்டாப்பைத் திறந்துவைத்து, இடையிடையே அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தது பெரிய சர்ச்சையானது. வென்றதும் அவர்தான், ஒரு கோடி டாலர். பிறகு விதியைக் கடுமையாக்கினார்கள்.

2025 ஜூலையில் மைக்கேல் மிஸ்ராக்கியும் ஜான் வாஸ்னாக்கும் மோதிய கடைசி ஆட்டத்தை மாமா வீட்டில் வைத்துப் பார்த்தோம். காலண்டர் தாள் பழைய இடத்தில், சதவிகிதம் தெரியும் ஓரத்துக்கு இன்னொன்று. இடையில் ஒரு கையில் வாஸ்னாக் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சீட்டைக் கவிழ்த்தார். மாமா முன்னால் சாய்ந்தார்.

"என்ன வச்சிருந்திருப்பான்?"

"தாள எடுக்கட்டுமா மாமா?"

"வேணாம், இருக்கட்டும். அடுத்ததப் போடட்டும்."