செயலைக் கேட்கும் கேள்வி

பாலியல் வன்முறையைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் துன்புற்ற பெண்களையே வினவி வந்துள்ளன. அதனைச் செய்த ஆண்களை வினவுவது எங்ஙனம்? 2013ஆம் ஆண்டில் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளிவந்த ஐக்கிய நாடுகள் ஆய்வு இவ்வகையில் நாம் கற்கவேண்டியதொன்று. வங்காளதேசம், கம்போடியா, சீனா, இந்தோனேசியா, பப்புவா நியூகினி, இலங்கை ஆகிய ஆறு நாடுகளில் 18 முதல் 49 வயதுவரையான 10,178 ஆண்கள் இதில் விடையளித்தனர்.

கேள்விகளில் வன்புணர்ச்சி என்னும் சொல்லே இல்லை. மனமில்லாத பெண்ணை உடலுறவுக்கு வற்புறுத்தியதுண்டா எனச் செயலே கேட்கப்பட்டது. விடையளிப்பவர் கேள்வியை ஒலிக்கருவியில் கேட்டுத் தாமே விடையைப் பதிந்தார். நேர்காண்பவரும் அதனை அறியார். ஏறத்தாழ 24 விழுக்காட்டினர், மனைவியையோ பிற பெண்ணையோ அவ்வாறு வற்புறுத்தியதாகத் தெரிவித்தனர். 1980களில் அமெரிக்கக் கல்லூரிகளில் மேரி காஸ் நடத்திய ஆய்விலும், செயலை ஒப்புக்கொண்ட ஆடவருள் மிகப் பலர் அதன் பெயரை ஏற்க மறுத்தனர். ஆகவே பெயரைத் தவிர்த்தமை முறையின் வலிமையே.

எனினும் இரண்டு குறைகளைச் சுட்டுதல் தகும். முதலாவது, குறிப்பிட்ட சில இடங்களில் பெற்ற விகிதத்தைச் செய்தித்தாள்கள் ஆசியா முழுமைக்கும் உரியதாக்கின. ஆய்வோ அங்ஙனம் கூறவில்லை. இரண்டாவது, காரணம் கேட்டபோது 73 விழுக்காட்டினர் 'பாலுரிமை' உணர்வு கொண்டிருந்தனர் என்கிறது அறிக்கை. 'அவளை விரும்பினேன்' என்பது போன்ற விடைகளையே ஆய்வாளர் இத்தலைப்பின்கீழ்த் தொகுத்தனர். செயலுக்குப் பெயரிடாது கேட்டவர்கள், காரணத்திற்குத் தாமே பெயரிட்டு விட்டனர். தன் விருப்பமே போதும் என எண்ணுவது உரிமை பாராட்டுவதே என நாம் ஒப்புகிறோம். ஆயினும் அது ஆய்வாளரின் தீர்ப்பேயன்றி அம்மனிதரின் வாக்குமூலமன்று.

நம் ஆராதனையின் பொதுப் பாவ அறிக்கையோ இதற்கு நேர்மாறானது. அங்கே பெயர் உண்டு, செயல் இல்லை. 'பாவி' என்று வாயாரச் சொல்லும் ஒருவர், தம் வீட்டில் இழைத்த கொடுமையை நினையாமலே எழுந்து செல்லலாம். நாத்தான் தாவீதிடம் முதலில் பாவத்தின் பெயரைக் கூறவில்லை. ஏழையின் ஆட்டுக்குட்டியைக் குறித்தே பேசினார் (2 சாமுவேல் 12). ஆனால் அவர் அத்துடன் நில்லாமல், அம்மனிதன் யாரென்பதையும் உரைத்தார்.

ஆய்வாளர் முகமறியா விடையோடு நிற்கக் கடமைப்பட்டவர். போதகருக்கு அந்த உரிமை இல்லை. செயலை வெளிப்படையாய்க் கேட்கவும், கேட்டபின் துன்புற்றவளின் பாதுகாப்பை முதலாவதாய்த் தேடவும் நாம் மாணவரைப் பயிற்றுகிறோமா?