காலநிலைப் படம் எடுக்கச் சொல்லித்தர முடியுமா?

அமெரிக்காவில் 2016 முதல் 2020 வரை வெளியான 37,453 தொலைக்காட்சி அத்தியாயங்கள், திரைப்படங்களின் வசனத்தை எடுத்து ஒரு தேடல் நடத்தினார்கள். நடத்தியது தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் நார்மன் லியர் மையம். காலநிலை மாற்றத்தோடு தொடர்புடைய 36 சொற்களில் ஒன்றாவது வருதா என்பதுதான் தேடல். 2.8 சதவீதத்தில் வந்தது. அவ்வளவுதான்.

இதைப் படித்ததும் எவருக்கும் தோன்றுவது, 'அப்போ சினிமாக்காரங்களுக்குச் சொல்லித்தரணும்' என்பதே. அந்த ஆய்வில் கூட நின்ற குட் எனர்ஜி என்ற அமைப்பு, 2022ல் திரைக்கதை எழுதுபவர்களுக்கென்று ஒரு கையேட்டையே வெளியிட்டது. 2024ல் ஒரு சோதனையும் வந்தது. பெண் பாத்திரங்களை வைத்து அலிசன் பெக்டெல் தன் சித்திரக்கதையில் போட்ட விதி உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், அதே பாணி. கதையில் காலநிலை மாற்றம் இருக்கணும், ஒரு பாத்திரத்துக்காவது அது தெரிஞ்சிருக்கணும். இரண்டே கேள்வி.

அந்த வருஷம் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற படங்களில் மூன்று தேறின: பார்பி, நயாட், மிஷன் இம்பாசிபிள் வரிசையில் வந்த டெட் ரெக்கனிங். பார்பியில் ஒரு பள்ளிக்கூடப் பெண் பொம்மையைப் பார்த்துத் திட்டும்போது, நுகர்வு வெறியால் பூமியைக் கெடுக்கிறாய் என்றும் ஒரு வரி சொல்வாள். அந்த ஒரு வரிக்குத்தான் தேர்ச்சி.

இந்தச் சோதனை படத்தின் தரத்தை அளக்க வந்ததில்லை, இருக்கா இல்லையா என்று எண்ண வந்தது. அதனால் அதைக் கிண்டல் செய்வது நியாயமில்லை. என் சண்டை வேற இடத்தில். எண்ணுவதற்குச் செய்த கருவி, பயிற்சி வகுப்புக்குள் போனதும் இலக்காகிவிடுது. 'ஒரு வரி சேர்த்துடுங்க' என்பது மூன்று நாள் பட்டறையில் சொல்லித்தரக்கூடிய விஷயம். நல்ல படம் பிறக்கும் வழி அது இல்லை. இதைச் சொல்ல எனக்கு இரண்டு உதாரணம் கைவசம் இருக்கு.

முதலாவது, நீல மாதவ் பாண்டா 2017ல் எடுத்த 'கட்வி ஹவா'. மழை பொய்த்த ஒரு வடஇந்திய கிராமம். ஹேடு என்ற கண் தெரியாத கிழவர், நடித்தது சஞ்சய் மிஸ்ரா. கடன் வாங்கிய மகன் என்ன செய்துகொள்வானோ என்ற பயத்திலேயே அவருக்குப் பொழுது விடிஞ்சு பொழுது போகுது. ஊருக்கு வரும் கடன் வசூல் ஏஜென்ட் குனுவை (ரன்வீர் ஷோரே) ஜனங்கள் எமதூதன் என்கிறார்கள். அந்த எமதூதனுக்கும் ஒரு கதை உண்டு. ஒடிசாக் கடற்கரைக்காரன். கடல் அவன் வீட்டைத் தின்றுவிட்டது. குடும்பத்தை அங்கிருந்து கிளப்பிக் கொண்டுவரப் பணம் வேணும். வசூல் கமிஷன்தான் அந்தப் பணம். கிழவர் அவனோடு ஒப்பந்தம் போடுகிறார்: யாரிடம் காசு இருக்கு என்று நான் துப்பு சொல்றேன், என் மகன் கடனை நீ பார்த்துக்கோ.

இங்கே கொஞ்சம் நின்று பாருங்க. வறட்சியில் மாட்டியவனும் கடலில் வீட்டை இழந்தவனும் ஒரே மேசையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரனை விற்கிறார்கள். காலநிலை என்ற சொல்லே தேவைப்படாத கணக்கு இது. நல்லவன் கெட்டவன் பிரித்துக்காட்ட முடியாது, 'விழிப்புணர்வு' என்று பெயர் வைத்து ஓரங்கட்டவும் முடியாது. பருவம் தப்பினால் முதலில் வறண்டு போவது அக்கம்பக்கத்து நம்பிக்கைதான் என்பதை இந்த ஒப்பந்தம் காட்டுகிற மாதிரி எந்த வரைபடமும் காட்டாது.

அதே படத்தில் ஒரு வகுப்பறைக் காட்சி உண்டு. பருவங்கள் எத்தனை என்று வாத்தியார் கேட்கிறார். ஒரு பையன் இரண்டு என்கிறான், வெயிலும் குளிரும். மழை? அது சில நாள் வந்துட்டுப் போயிடுதே, அதெப்படிப் பருவமாகும்? வகுப்பே சிரிக்குது. அவன் பாடப்புத்தகத்தைப் படிக்கலை, ஜன்னலைப் பார்த்துச் சொல்றான்.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. முடிவில் குல்ஸாரின் கவிதையைக் கேட்க வைப்பது, சாப்பிட்டு எழுந்தவனுக்கு மறுபடி இலை போடுவது மாதிரி. கதை சொல்லிமுடித்ததை நம்பாத பதற்றம் அது. காலநிலைப் படம் எடுக்கும் பலருக்கும் இந்த நோய் உண்டு, கடைசியில் எப்படியும் ஒரு வகுப்பு எடுத்துவிடுவார்கள்.

ஆனால் குனு என்ற பாத்திரம் பாண்டாவுக்கு எங்கிருந்து கிடைத்தது? அவரும் ஒடிசாக்காரர். கடல் கொண்டுபோன அந்தக் கடற்கரைக் கிராமங்களைப் பற்றி 2005லேயே 'கிளைமேட்ஸ் ஃபர்ஸ்ட் ஆர்ஃபன்ஸ்' என்ற ஆவணப்படம் எடுத்தவர். அதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் 'கட்வி ஹவா'. பிறகு 2020ல் ஒடியா மொழியில் 'காளிர அதீத', கடலில் மூழ்கிய தன் ஊரைத் தேடிப் போகும் ஒருவனின் கதை. ஆக, ஒரே கரைக்கு மூன்று முறை, பதினைந்து வருஷ இடைவெளியில். பயிற்சி என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த சரியான அர்த்தம் இதுதான். எந்த உதவித்தொகை விண்ணப்பத்திலும் 'பதினைந்து வருஷம்' என்று எழுத ஒரு கட்டம் இருக்காது என்பதுதான் சிக்கல்.

இரண்டாவது உதாரணம் பிரேசில். அலெக்ஸ் பிரிட்ஸ் இயக்கி 2022ல் வந்த 'தி டெரிட்டரி' ஆவணப்படம். ரொண்டோனியா மாநிலத்தில் உரு-எவு-வாவ்-வாவ் என்ற பழங்குடியினர், மொத்தம் இருநூறு பேர்கூடக் கிடையாது. சுற்றிலும் காட்டை வெட்டிப் புல்வெளியாக்கும் ஆக்கிரமிப்பாளர்கள். படத்தின் ஆரம்பப் பகுதி வழக்கமான அழகு: இலைமேல் பூச்சி, பொன்னிற வெளிச்சம். வெளியாள் காட்டைப் பார்த்தால் அப்படித்தான் பார்ப்பான்.

பிறகு பெருந்தொற்று வருது. வெளியாட்கள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று அந்த மக்கள் முடிவெடுக்கிறார்கள், படக்குழுவும் சேர்த்துத்தான். கேமராக்கள் மட்டும் உள்ளே போயின. மீதியை அவர்களே எடுத்தார்கள். அங்கிருந்து படத்தின் மூச்சே மாறிவிடுது. காவல் போகிறவர்களோடு கேமராவும் ஓடுது, புதரில் பதுங்குது, மரம் வெட்ட வந்தவனை நேருக்கு நேர் பிடிக்குது. யார் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறோம் என்பது மாறும்போது, காடு 'இயற்கை' என்ற நிலையிலிருந்து வீட்டுக் கொல்லையாகிவிடுது. வேலியைத் தாண்டி ஒருத்தன் வந்திருக்கான், அவ்வளவுதான் கதை.

இன்னொரு விஷயம். படம் எதிர்த்தரப்பையும் கூடவே வைத்துப் பார்க்குது. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் நிலத்தில் உழைத்து, தனக்கென்று ஒரு துண்டு மண் வேணும் என்று காட்டுக்குள் வரும் ஏழை விவசாயி செர்ஜியோ. இவனும் நம்ம குனுவும் ஒரே ஜாதி. தேவை இருக்கிற வில்லன். காலநிலைக் கதைக்கு வில்லன் கிடைப்பதில்லை, அதனால்தான் கதையும் அமைவதில்லை என்று ஒரு புலம்பல் எப்போதும் உண்டு. வால்நட்சத்திரத்தை உருவகமாக்கிய 'டோன்ட் லுக் அப்' (2021) அந்தப் புலம்பலிலிருந்து பிறந்த படமாகத்தான் எனக்குப் படுது. எல்லோரையும் முட்டாளாக்கிவிட்டால் யாரையும் புரிந்துகொள்ள வேண்டியதில்லையே.

அதனால் பட்டறைகளே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கேமரா, ஒலி, எடுத்ததைப் பத்திரமாகச் சேமிப்பது, டிரோன் ஓட்டுவது, இதெல்லாம் கற்றுத்தரக்கூடியவை, கற்றுத்தர வேண்டியவை. ஊர்க்காரன் கைக்கு அது போகும்போது பலன் என்ன என்பதற்கு 'தி டெரிட்டரி' சாட்சி. நகரத்திலிருந்து வரும் இயக்குநருக்குக் 'காலநிலையை எப்படிச் சொல்வது' என்று வகுப்பு எடுப்பதைவிட இந்தச் செலவு எனக்கு உருப்படியாகத் தெரியுது.

ஆனால் அந்தக் கேமரா சும்மா வருவதில்லை. காவல் குழுவில் இருந்த ஆரி உரு-எவு-வாவ்-வாவ், காட்டில் நடக்கும் சட்டவிரோத மரவெட்டைப் பதிவு செய்துவந்தவர். 2020 ஏப்ரலில் கொல்லப்பட்டார். பதிவு செய்கிறவன் யார் என்பது எதிரே நிற்பவனுக்கும் தெரியும். வெளியிலிருந்து வரும் இயக்குநருக்குத் திரும்பிப்போக விமானம் இருக்கு. ஊரில் பயிற்சி பெற்றவன் அங்கேயே தூங்கி எழணும். கதைசொல்லல் பற்றி நூறு பக்கம் எழுதுகிறவர்கள், இந்தப் பாதுகாப்புக்கும் கூலிக்கும் எத்தனை பக்கம் ஒதுக்குகிறார்கள் என்பதைத்தான் நான் இனி முதலில் பார்ப்பேன்.

ஒளிப்பதிவு என்ற இடத்தில் இயக்குநர் பெயரோடு தங்காய் உரு-எவு-வாவ்-வாவ் என்ற பெயரும் வருது. கடைசிவரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருங்க, பார்க்கலாம்.