விளம்பரப் பாடலின் யாப்பும் நினைவும்: நிர்மா பாடலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

சிறுவயதில் கேட்ட விளம்பரப் பாடல்கள் நெடுங்காலம் நினைவில் நிற்பதற்கு அவற்றின் ஒலியமைப்பே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. நிர்மா விளம்பரப் பாடலின் தமிழ் வடிவத்தை யாப்புநோக்கில் ஆராயும் இக்கட்டுரை, ஒலியமைப்பால் விளக்கத்தக்கவற்றையும் விளக்க இயலாதவற்றையும் வேறுபடுத்திக் காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: விளம்பரப் பாடல், யாப்பு, இயைபு, நினைவு, பாலினம்.

முன்னுரை

வணிக விளம்பரங்கள் விவித்பாரதியில் 1967இலும் தூர்தர்ஷனில் 1976இலும் ஒலிபரப்பாகத் தொடங்கின. 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் தொடங்கிய நிர்மா, அவர் மகள் நிரூபமாவின் பெயரிலிருந்து பெயர் பெற்றது. இந்தியில் உருவான அதன் விளம்பரப் பாடல் அதே மெட்டில் தமிழிலும் ஒலித்தது. எளிதில் பழகும் மெட்டு மீண்டும் மீண்டும் வரும்போது பாடலின் சொற்கள் பேச்சைவிட நன்கு நினைவில் நிற்பதை வாண்டா வாலஸின் ஆய்வு (1994) காட்டியது. ஆயினும் எத்தகைய சொற்கள் நிற்கின்றன என்பது தனி வினா.

சீரும் சொல்தேர்வும்

‘நிர்மா’ நேர்நேர் என அமைந்த தேமாச் சீர். பாடலில் அடுக்கப்படும் நான்கு பெண்பெயர்களுள் மூன்று தேமாவே. ‘ஜெயா’ மட்டும் நிரையசையாய் நின்று, இசையின் நீட்டத்தால் நிரம்புகிறது. பொருளின் பெயர் தமிழாக்கப்படாததற்கும் சீர் ஒரு காரணமாகலாம். ‘வாஷிங்’ தேமா; ‘பவுடர்’ புளிமா. இவ்விரு ஈரசைச் சீர்களின் இடத்தில் ‘சலவைத்தூள்’ என்னும் ஒற்றைப் புளிமாங்காய் பொருந்தாது. எனவே இதனை மொழிபெயர்ப்பாளரின் அலட்சியம் என மட்டும் ஒதுக்குதல் பொருந்தாது. மெட்டை மாற்றாமல் சொல்லை மாற்றும் வணிக முறையே இங்கு ஆராயத்தக்கது.

இயைபின் பணி

தமிழ்ச் செய்யுளில் எதுகையும் மோனையும் முதன்மை பெறுகின்றன. இப்பாடலிலோ அடியிறுதி ஒன்றும் இயைபே தாங்குகோல். வணிகப்பெயர் இறுதியில் ஒலித்து நிற்க வேண்டியிருப்பதால் ‘சுஷ்மா’ முதலில் வந்து ‘நிர்மா’வுக்கு இடம் அமைக்கிறது. கேட்பவர் மனம் அடுத்த சொல்லை முன்னரே எதிர்பார்க்கிறது. பாடலின் மறவாமைக்கு இவ்வெதிர்பார்ப்பு துணைசெய்கிறது.

யாப்பு விளக்காதது

பெயர்கள் ஒலிக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டன எனில் ‘வர்மா’ என்னும் ஆண்பெயர் இன்னும் பொருத்தமானது. அதுவும் தேமா, இயைபோடு எதுகையும் அமைந்தது. எனினும் பட்டியலில் ஓர் ஆண்பெயரும் இல்லை. துணி வெளுத்தல் பெண்ணின் பணி என்னும் முன்முடிவே பெயர்களைத் தேர்ந்துள்ளது; யாப்பு அத்தேர்வை இனிமையாக்கியுள்ளது. ஊரும் குடும்பமும் சுட்டப்படாத இப்பெண்கள் தமிழ் வடிவத்திலும் அதே பெயர்களுடன் வருகின்றனர். மெட்டோடு ‘இந்திய இல்லத்தரசி’ என்னும் பொதுவுருவமும் மொழி எல்லையைக் கடந்துள்ளது. சலவைத்தூள் வாங்கும் வயதை எட்டாத குழந்தையிடம் பாடல் விட்டுச்சென்றது பொருளின் மீதான விருப்பத்தை மட்டுமன்று; இந்த வேலைப்பிரிவினையையும்தான்.

முடிவுரை

விளம்பரப் பாடலை இலக்கியத்திற்குப் புறம்பானது என விலக்கினால், பல தலைமுறையினர் கற்பிக்கப்படாமலே பெற்ற யாப்புணர்வு ஆய்வுக்கு வெளியே நின்றுவிடும். இளமை நினைவின் இனிமைக்காக மட்டும் அதனைப் போற்றினால், அவ்வினிமை சுமந்துவந்த கருத்து கண்ணில் படாமற்போகும். அலகிடுதல் இவ்விரண்டையும் தவிர்க்க உதவும் கருவி: சீரால் விளங்குவதைச் சீரால் விளக்கிய பின்னர் எஞ்சுவதே சமூகம் பாடலுக்குள் வைத்தது.