விழுந்தவர் கணக்கு, வென்றவர் கணக்கு

2015 மார்ச் 10, இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாம் மைதானம். ஜாக்கி ரூபி வால்ஷ் அன்று ஏற்கெனவே மூன்று ரேஸ் ஜெயித்திருந்தார். மூன்றும் அயர்லாந்து டிரெய்னர் வில்லி முல்லின்ஸின் லாயத்துக் குதிரைகள். நாலாவது சவாரி அன்னி பவர் என்கிற பெண்குதிரை. நாலையும் சேர்த்துப் பணம் கட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கடைசித் தடுப்பு வரை எல்லாம் அவர்கள் கணக்குப்படியே போனது. அந்தத் தடுப்புக்குக் கொஞ்சம் முன்கூட்டியே குதிரை எழும்பிவிட்டது. முன்னங்கால் தடுப்பைத் தாண்டிப் போக வேண்டிய நேரத்தில் தடுப்பின் மேலேயே இறங்கியது. குதிரை குப்புற விழுந்தது, வால்ஷ் புல்லில் உருண்டார். புக்கிகள் அன்றைக்குக் கோடிக்கணக்கான பவுண்டு தப்பித்தார்கள்.

அந்த ரேஸில் ஜெயித்த குதிரை கிளென்ஸ் மெலடி. அதுவும் முல்லின்ஸ் லாயத்துக் குதிரைதான், சவாரி செய்தவர் பால் டவுனெண்ட். ஆக, ஒரே ரேஸ் டிரெய்னர் பேரேட்டில் வெற்றியாகவும் ஜாக்கி பேரேட்டில் 'எஃப்' என்ற ஒற்றை எழுத்தாகவும் பதிவானது. தடைதாண்டும் பந்தயத்தில் குதிரை விழுந்தால் 'எஃப்', ஜாக்கி மட்டும் தூக்கியெறியப்பட்டால் 'யு', பாதியில் நிறுத்திவிட்டால் 'பி'. கிண்டியில் ஓடுவதுபோன்ற தட்டைப் பந்தயத்தில் கடைசியாக வருகிற குதிரையும் பெரும்பாலும் கோட்டைத் தொட்டுவிடும். தடைதாண்டும் பந்தயத்தில் அந்த உத்தரவாதம் கிடையாது. அதனால்தான் இந்த ஆட்டத்தில் யார் பெரிய ஆள் என்று தீர்ப்புச் சொல்வது அத்தனை சுலபமில்லை.

நம் பக்கத்தில் இந்தத் தலைவலி பாதிதான். சந்தவாசல், கண்ணமங்கலம், போளூர் வட்டாரத்தில் பொங்கல் கழிந்தால் மாடு விடும் விழாக்கள் வரிசைகட்டும். 2017-இல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டத்தில் ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு, வடமாடு ஆகியவற்றோடு எருது விடும் விழாவும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. இங்கே மாட்டை யாரும் அணைவதில்லை, ஏறி ஓட்டுவதும் இல்லை. தெருவின் இரண்டு பக்கமும் தடுப்பு கட்டி, ஒவ்வொரு காளையாக அவிழ்த்து விடுவார்கள். குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடக்கிற காளைக்கு முதல் பரிசு. மைக்கில் மாட்டின் பெயரும் ஊர்ப் பெயரும் வரும், அடுத்த மூச்சில் எத்தனை செகண்டு என்று வரும். டீக்கடையில் மறுநாள் பேச்சும் அதுதான்: "எத்தனை செகண்டு?"

ஜாக்கி இல்லாததால் பெருமையைப் பங்கு போட வேண்டிய வேலை இல்லை. மாட்டுக்கும் அதைக் காலையில் நடத்தி, நீச்சல் அடிக்கவிட்டு, பருத்திக்கொட்டை அரைத்து வைத்தவருக்கும் அந்த செகண்டு சொந்தம். ஆனாலும் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஓர் ஊரின் தெரு நேராக இருக்கும், இன்னொரு ஊரில் கோயில் மூலையில் வளையும். தூரமும் ஊருக்கு ஊர் வேறு. மேட்டில் ஏறுகிற ஓட்டமும் பள்ளத்தில் இறங்குகிற ஓட்டமும் ஒன்றா? முதலில் அவிழ்த்த காளைக்கு மண் இறுக்கமாக இருக்கும், ஐம்பதாவது காளைக்கு உழுத நிலம்போல் ஆகியிருக்கும். இத்தனையும் தெரிந்த பழைய ஆட்கள் "எந்த ஊரில்?" என்று கேட்டுவிட்டுத்தான் செகண்டைக் கேட்பார்கள். மாட்டை விலை பேசுகிறவர்கள் இன்னும் உஷார், அதே தெருவில் அன்றைக்கு ஓடிய மற்ற காளைகள் எவ்வளவு எடுத்தன என்றும் விசாரிப்பார்கள்.

தடைதாண்டும் பந்தயத்துக்கு இந்தக் கேள்விகள் போதாது. குதிரையையும் அதைப் பழக்கியவரையும் ஓட்டியவரையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆரணிப் பட்டுப்புடவையைப் பார்க்கிற யாரும் தறியில் உட்கார்ந்தவரைத்தான் நினைப்பார்கள், சாயம் போட்டவரையும் பாவு ஓட்டியவரையும் நெசவாளி மட்டும்தான் அறிவார். அந்த மாதிரிதான் இதுவும்.

இங்கிலாந்தில் சாம்பியன் பட்டம் கொடுக்கிற முறையே இந்தக் குழப்பத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறது. ஜாக்கிகளுக்கு வெற்றிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். டிரெய்னர்களுக்குப் பரிசுப் பணத்தின் மொத்தத்தைப் பார்ப்பார்கள். மழைநாளில் ஒரு குக்கிராம மைதானத்தில் ஜெயித்தாலும் ஜாக்கிக்கு ஒன்று ஒன்றுதான். டிரெய்னருக்கோ கிராண்ட் நேஷனல் என்ற ஒரே ஒரு ரேஸ் ஒரு சீசனையே புரட்டிவிடும். 2024-25 சீசனில் டிரெய்னர் டான் ஸ்கெல்டன் வெற்றி எண்ணிக்கையில் முல்லின்ஸை எங்கோ பின்னால் விட்டிருந்தார். முல்லின்ஸ் அயர்லாந்திலிருந்து அந்தச் சீசனில் அனுப்பியது தேர்ந்தெடுத்த குதிரைகளை மட்டும். 2025 கிராண்ட் நேஷனலில் முதல் மூன்று இடமும் அவருடைய குதிரைகளுக்கு. முதலில் வந்த நிக் ராக்கெட்டை ஓட்டியவர் அவருடைய மகன் பேட்ரிக், சம்பளம் வாங்காத அமெச்சூர். சீசனின் கடைசி நாளில் பட்டம் முல்லின்ஸ் கைக்குப் போனது. சட்டப்படி சரி. ஆனால் ஸ்கெல்டன் அந்தச் சீசனில் மோசமான டிரெய்னர் என்று அந்தப் பட்டியலை வைத்து யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, பிரித்துப் பார்க்க வழி உண்டா? ஒன்று உண்டு. ஒருவரை மாற்றிவிட்டு மற்றவர் என்ன ஆகிறார் என்று கவனிப்பது. பந்தய உலகம் அப்படியொரு சோதனையைத் தானாகவே நடத்திக் காட்டியிருக்கிறது.

டிரெய்னர் மார்ட்டின் பைப், புக்கியின் மகன். குதிரைகளின் ரத்தத்தைச் சொந்த ஆய்வகத்தில் சோதித்து, மேட்டில் விட்டுவிட்டு ஓடவைத்துப் பழக்கினார். மற்ற லாயத்துக் குதிரை கடைசி மேட்டில் மூச்சு வாங்கும்போது இவர் குதிரை தொடர்ந்து ஓடும். 1988-89 சீசனில் இவருடைய ஜாக்கி பீட்டர் ஸ்கூடமோர் 221 வெற்றி எடுத்தார். ஸ்கூடமோர் ஓய்வு பெற்றபின் ரிச்சர்ட் டன்வுடி வந்தார், பின்னாளில் டோனி மெக்காய். ஜாக்கிகள் மாறினார்கள், லாயம் ஜெயித்துக்கொண்டே இருந்தது. பைப் எடுத்த பட்டங்கள் மொத்தம் 15.

அப்படியானால் பைப் கொடுத்த குதிரைகளால்தான் மெக்காய் பெரிய ஆளாகத் தெரிகிறாரா? 2001-02 சீசனில் அவர் எடுத்த 289 வெற்றி, தட்டைப் பந்தயத்தில் கார்டன் ரிச்சர்ட்ஸ் 1947-இல் வைத்திருந்த 269 என்ற சாதனையையும் தாண்டியது. அதில் பைப்பின் பங்கு பெரிது, மறுக்க முடியாது. ஆனால் 2004-இல் மெக்காய் பைப்பை விட்டுவிட்டு ஜே.பி. மெக்மானஸின் குதிரைகளை ஓட்டப் போனார். பிறகும் ஒரு சீசனில்கூடப் பட்டத்தை விடவில்லை. 1995-96 முதல் 2014-15 வரை தொடர்ச்சியாக 20 பட்டம். அவர் போனதற்கு அடுத்த சீசனிலும் பைப்தான் சாம்பியன் டிரெய்னர். பிரிந்த பிறகு இரண்டு பேருமே நின்றார்கள். என் கணக்கில் இந்த ஒரு தகவலுக்கு, மெக்காயின் 4,300-க்கும் மேற்பட்ட வெற்றிகளைவிட எடை அதிகம். எண்ணிக்கை அவருக்கு எத்தனை வாய்ப்பு கிடைத்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஏறக்குறைய நாலு சவாரிக்கு ஒன்று ஜெயித்தார் என்றால், மீதி மூன்றிலும் தோற்றவர் அவர்தான்.

எடை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கிராண்ட் நேஷனல் ஒரு ஹேண்டிகேப் ரேஸ், நல்ல குதிரையின் முதுகில் அதிகப் பாரம் ஏற்றுவார்கள். 1973-இல் ஃப்ரெட் விண்டர் பழக்கிய கிரிஸ்ப் என்ற குதிரையை ரிச்சர்ட் பிட்மன் ஓட்டினார். 30 தடைகளில் பெரும்பகுதியைத் தனியாக முன்னால் ஓடித் தாண்டியது. கடைசித் தடைக்குப் பிறகு கால்கள் தள்ளாடின. வளைவருகே பிட்மன் சாட்டையை எடுக்க, குதிரை பக்கவாட்டில் விலகிப் போனது. கோட்டுக்கு மிக அருகில் ரெட் ரம் அதைப் பிடித்து, முக்கால் உடல் நீளத்தில் வென்றது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் கிரிஸ்ப் சுமந்தது ரெட் ரம்மைவிட 23 பவுண்டு, அதாவது பத்துக் கிலோவுக்கும் மேல் அதிகம். அதுவரை இருந்த நேர சாதனையை இரண்டு குதிரைகளுமே முறியடித்தன. பட்டியலில் பிட்மனின் பெயருக்கு நேரே '2' என்றுதான் இருக்கும். சாட்டையை எடுத்தது தன் தவறு என்று அவரே பலமுறை சொல்லிவிட்டார். எனக்கென்னவோ பத்துக் கிலோவுக்கு முன்னால் ஒரு சாட்டை அடி சின்ன விஷயம்.

ரெட் ரம்மை மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். மறு ஆண்டு அதன் முதுகிலும் 12 ஸ்டோன் ஏற்றினார்கள், அப்போதும் ஜெயித்தது. 1977-இல் மூன்றாம் முறை. கால் குளம்பில் நோய் இருந்த குதிரை அது. டிரெய்னர் ஜிஞ்சர் மெக்கெய்ன் கார் வியாபாரி, லாயம் அவருடைய கார் ஷோரூமுக்குப் பின்னால். பயிற்சி சவுத்போர்ட் கடற்கரை மணலில், உப்புத் தண்ணீரில். பல கை மாறி வந்த குதிரையை வாங்கி, முன்பு இருந்த நிலையிலிருந்து எங்கோ கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு டிரெய்னரை எடைபோட எனக்குத் தெரிந்த மிகக் கறாரான அளவுகோல் இதுதான்: அடுத்தவர் கையில் இருந்தபோது எப்படி ஓடியது, இவர் கைக்கு வந்தபின் எப்படி ஓடுகிறது. நூறு விலையுயர்ந்த குதிரைகளை வைத்து ஜெயிப்பவருக்கு இந்தத் தேர்வு வராது.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1974-இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் இல்லை, குதிரையின் பயிற்சியும் ஜாக்கியின் திறமையும்தான் வெற்றியைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று சொல்லிவிட்டது. பயிற்சி எவ்வளவு, சவாரி எவ்வளவு என்று பங்கு பிரிக்க நீதிபதிகள் போகவில்லை. புத்திசாலிகள்.

மிஞ்சுவது ஜாக்கி ரிச்சர்ட் ஜான்சன். 2021-இல் ஓய்வு பெற்றபோது அவர் பெயரில் 3,819 வெற்றி. கிராண்ட் நேஷனலில் 21 முறை ஓட்டினார், ஒரு வெற்றிகூடக் கிடைக்கவில்லை. மெக்காய்க்கும் அந்த ரேஸ் பதினைந்தாவது முயற்சியில், 2010-இல்தான் வசப்பட்டது. சாம்பியன் பட்டியலில் ஜான்சன் 16 முறை மெக்காய்க்கு அடுத்த இடத்தில் நின்றார். மெக்காய் ஓய்வு பெற்ற மறு சீசனே பட்டம் எடுத்து, தொடர்ந்து நாலு சீசன் கையில் வைத்திருந்தார். அந்த 16 இரண்டாமிடங்களைத் தோல்விக் கணக்கில் எழுதுகிறவரிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு: அந்த ஆண்டுகளில் ஜான்சனைத் தவிர வேறு யார் மெக்காயை ஒவ்வொரு நாளும் மைதானம் மைதானமாக ஓடவைத்தார்கள்?