பாக்கின் நத்தார் இசை: ஒரு மறுநோக்கு

யோகான் செபஸ்ரியன் பாக்கின் ‘நத்தார் ஒறற்றோறியோ’ மீது நெடுங்காலமாகச் சுமத்தப்பட்டு வரும் குறையொன்றுண்டு. 1734ஆம் ஆண்டு நத்தார் தினந்தொட்டு 1735 சனவரி 6 வரை, ஆறு திருநாட்களில், ஜேர்மனியின் லைப்சிக் நகர ஆலயங்களிற் பகுதி பகுதியாகப் பாடப்பட்ட படைப்பு இது. இதன் தனிப்பாடல்களிலும் சேர்ந்திசைகளிலும் பல, 1733இல் சக்சனி அரச குடும்பத்தாரின் பிறந்தநாள் விழாக்களுக்கென இயற்றப்பட்டவை. சொற்களை மாற்றி அவற்றையே பாக் திருச்சபைக்கு ஆக்கினார். இரவல் மெட்டிற் பக்தி விளையுமா என்பதே குறைகூறுவோர் வினா. இசை யாவும் இறைவனுடையதே என்று கூறி இவ்வினாவைத் தட்டிக்கழிப்போரும் உளர். இரு சாராரும் பாடல்களைத் தனித்தனியே செவிமடுத்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் பகுதியின் தாலாட்டை நோக்குக. இளைஞனான ஹேர்க்குலிஸ் இன்பத்துக்கும் அறத்துக்கும் இடையே ஒன்றைத் தெரியும் கதையமைந்தது பிறந்தநாட் பாடல்களுள் ஒன்று. அவனைத் துயிலச் செய்து மயக்குவதற்கு ‘இன்பம்’ என்னும் பாத்திரம் பாடியது இதே மெட்டு. பாக் அதனைச் சுருதி தாழ்த்தி, உச்சக் குரலிலிருந்து ஆல்ற்றோக் குரலுக்கு மாற்றி, புல்லாங்குழலை அக்குரலோடு இணைத்தார். அங்கே துயில் என்பது வீழ்ச்சி. இங்கே துயில்வது தொழுவத்துக் குழந்தை. மெட்டின் இனிமை சற்றும் குறையவில்லை. அவ்வினிமை அஞ்சத்தக்கதாய் இருந்த நிலையே நீங்கிற்று. இதனை இரவல் என்பது பொருந்தாது.

முதற் சேர்ந்திசையின் நிலை வேறு. முரசு தனித்து முழங்க அது தொடங்குகின்றது. மூலப் பாடலில் முரசுகளை ஒலிக்குமாறு ஏவும் சொற்கள் இருந்தன. புதிய பாடலில் அவ்வேவல் இல்லை, முரசு மட்டும் எஞ்சிற்று. கேட்போர் உள்ளம் துள்ளும் என்பது உண்மையே. எனினும் அரசியின் கொலுமண்டபம் அங்கு இன்னும் கலையவில்லை.

அதே முதற் பகுதியில், சபையார் நன்கறிந்த எளிய திருச்சபைப் பாடலொன்றும் வருகின்றது. கிறிஸ்துவை வரவேற்கும் அப்பாடலுக்கு அமைந்ததோ பாடுகளின் மெட்டு. ‘மத்தேயுவின் பாடுகள்’ என்னும் படைப்பிலும் பாக் அதனைப் பலமுறை கையாண்டுள்ளார். (வேறு பாடல்களுக்கும் அது வழங்கியமையால், தொட்டிலருகே சிலுவையை நிறுத்தவே அவர் எண்ணினார் என அறுதியிடல் இயலாது.) அம்மெட்டின் பிறப்பிடமும் ஆலயமன்று, ஹஸ்லர் 1601இல் வெளியிட்ட காதற் பாடலொன்று. இரவலைக் குறைகூறுவோர் இதனை மறந்தனர் போலும். ஆறாம் பகுதியின் முடிவில் இம்மெட்டே எக்காளமும் முரசும் சூழ மீண்டும் எழுகின்றது. முதற் சேர்ந்திசையில் அரண்மனை ஆரவாரமாய் நின்ற அக்கருவிகள் தமக்குரிய வேலையை இங்கேதான் பெறுகின்றன.