முற்றத்து அல்லியும் இலங்கைக் குளமும்

குளச்சலில் வீட்டு முற்றத்தில் தாமரை வளர்க்க ஆசைப்படுகிறவர் முதலில் கடல்காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். தாமரையின் முதல் இலைகள் தண்ணீரில் மிதக்கும். அடுத்து வருபவை காம்பை நீட்டி மேலே எழும்பும். அதற்குப் பிறகுதான் பூ. காற்று கிழிப்பதும் அந்த மேலிலைகளைத்தான். கடலை ஒட்டிய கிணறு என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். என் ஓட்டு அல்லிக்கே. அதன் இலை தண்ணீரோடு படுத்துக்கிடப்பதால் காற்றுக்குப் பிடிகொடுக்காது.

நாஞ்சில் நாட்டுக் குளங்களில் தாமரை வியாபாரப் பயிர். மொட்டாகவே பறித்துத் தோவாளைச் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். தொட்டி வளர்ப்பு வேறு கதை. அது கேரளத்துக் கலப்பின மோகம் எல்லை தாண்டி வந்தது. ஈரத்தாளில் சுற்றிய கிழங்கு கூரியரில் வந்து இறங்குகிறது. ஓட்டையில்லாத அகலத் தொட்டியில் அடியில் மக்கிய சாணமும் மேலே வயல் களிமண்ணும் போட்டு, கிழங்கைப் படுக்கவைத்து, முளை நுனி மட்டும் வெளியே தெரியும்படி மண்ணால் மூட வேண்டும். நுனி ஒடிந்தால் கிழங்கு பெரும்பாலும் வீண். பச்சைச் சாணம் போட்டால் தண்ணீர் நாறிக் கிழங்கு அழுகும். அல்லிக்கும் இதே மண், இதே வெயில்; ஆனால் கிழங்கை நட்டமாக வைத்துக் குருத்தை மூடாமல் விட வேண்டும். கொசுவுக்குக் கப்பி மீன் போதும்.

இலங்கையின் வறண்ட வலயத்தில் இத்தனை பாடு கிடையாது. அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்துக் குளங்களில் தாமரையும் அல்லியும் தாமாகவே கிடக்கும். கோடையில் தண்ணீர் வற்றினாலும் கிழங்கு சேற்றில் உறங்கி, மாரி மழையோடு தழைத்துவிடும். அங்குள்ளவர்கள் வளர்ப்பதைவிடப் பறிப்பதே அதிகம். நம்மூர்க் கோயிலில் பூவைப் பூசாரி கையில் கொடுப்போம். அநுராதபுரத்து ருவன்வெலிசாய தூபியில் பக்தர்களே மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக மடித்துத் தம் கையால் படைப்பார்கள். சமையலிலும் அவர்கள் ஒரு படி மேல். தாமரைக் கிழங்குக் கறி உண்டு, அல்லி விதையை அரிசிபோல் பொங்குவதும் உண்டு. இங்கே தாமரைத் தண்டு வற்றலோடு சரி. தோட்டக்கலையிலும் அவர்கள் இளைத்தவர்கள் இல்லை: பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டுக் கல் குளம் ஒன்று தாமரை இதழ் வடிவிலேயே படிப்படியாக இறங்குகிறது.

ஆனால் அங்கிருந்து நாம் கவனிக்க வேண்டியது ஒரு சிக்கலை. இலங்கை 1986இல் நீல அல்லியைத் தேசிய மலராக அறிவித்தது. அந்தப் பெயரில் நீர்த் தோட்டங்களிலும் படங்களிலும் பரவியதோ பளிச்சென்ற ஊதா நிற அயல் கலப்பினம். பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். அயல் அல்லி நாட்டு அல்லியோடு கலந்துவிடும் என்பதுதான் அவர்கள் கவலை.

அந்தக் கவலை குமரி மாவட்டத்துக்கும் பொருந்தும். சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகள் 2022இல் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. தொட்டி நிறைந்ததும் மிச்சக் கிழங்கை வாய்க்காலில் வீசினால் அது எந்தக் குளத்தில் போய் ஒதுங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. காயவைத்து எருக்குழியில் போடுவதே நல்லது. கூரியரில் வரும் ஊதா அல்லிக்குப் பதில், பக்கத்து வயல்காரரிடம் கேட்டு வெள்ளல்லிக் கிழங்கு ஒன்றை வாங்கி நடலாம், காசும் மிச்சம்.