கான்ஃப்ராங்க்: டைட்டானிக் என்ற தப்பான பெயர்

கான்ஃப்ராங்க் ரயில் நிலையத்தைப் பற்றி எதைப் படிச்சாலும் ‘மலையின் டைட்டானிக்’ என்ற பட்டப்பெயர் வந்துவிடுகிறது. எனக்கு அந்தப் பெயர் மேலேயே ஒரு புகார் உண்டு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரனீஸ் மலையில், சோம்போர்ட் கணவாய்க்குக் கீழே, ஸ்பெயின் பக்கத்தில் இருக்கிறது. 1928இல் ஸ்பெயின் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோவும் பிரெஞ்சு அதிபர் கஸ்தோன் தூமெர்க்கும் வந்து திறந்துவைத்தார்கள். கட்டடத்தின் நீளம் 241 மீட்டர்.

ஒரு சின்ன மலை ஊருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய ஸ்டேஷன்? ராஜ ஆடம்பரம் என்று எழுதுகிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். மீதிக் காரணம் தண்டவாளத்தில் இருக்கு. பிரெஞ்சுப் பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். ஸ்பெயின் பாதை அதைவிட 20 சென்டிமீட்டருக்கு மேல் அகலம். அந்த ரயில் இந்தப் பாதையில் ஓடாது. ஆளும் சரக்கும் இங்கே இறங்கி மாறியே ஆகணும். அதனால்தான் கட்டடத்துக்கு இரண்டு பக்கமும் நடைமேடை, உள்ளே இரண்டு நாட்டுச் சுங்கம்.

இரண்டாம் உலகப் போரில் நாஜித் தங்கம் இந்த வழியாகப் போனது. நாஜிகளிடமிருந்து தப்பிய யூதர்களும் இதே வழியாகப் போனார்கள். பல கட்டுரைகள் இந்தச் சுவாரசியத்தோடு நின்றுவிடுகின்றன.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். 1970 மார்ச் 27 அன்று, பிரான்ஸ் பக்கத்தில் ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டு பாலம் உடைந்தது. அது விபத்து. ஆனா அந்தப் பாலத்தைப் பிரான்ஸ் திரும்பக் கட்டாமல் விட்டது ஒரு முடிவு. டைட்டானிக்னு சொல்லும்போது அந்த முடிவும் விதி மாதிரி ஆயிடுது. மூழ்கின கப்பலைத் திரும்ப ஓட்ட முடியாது. உடைந்த பாலத்தைத் திரும்பக் கட்டலாம்.

2023இல் பழைய நிலையம் சொகுசு ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. பாழடைஞ்ச கட்டடம் பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அதையே ‘மீட்பு’ என்று கொண்டாடுவதை ஏற்க முடியவில்லை. ஸரகோஸாவிலிருந்து ஸ்பெயின் ரயில் இன்னும் கான்ஃப்ராங்குக்கு வருகிறது. பிரான்ஸ் பக்கத்தில் 2016இல் பெதூ என்ற ஊர் வரை ரயில் திரும்பியது. நடுவில் இருக்கிற கொஞ்ச தூரமும் மலைச் சுரங்கமும்தான் பாக்கி.

அடுத்த தடவை அந்த அழகான கட்டடத்தின் படத்தைப் பார்த்தீங்கன்னா, தண்டவாளம் எங்கே போய் முடியுதுன்னும் ஒரு தடவை தேடிப் பாருங்க.